பூட்டுப் போடாத சுவிட்ச்

2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் நகரை ஒட்டியிருந்த பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில், 912 என்று எண்ணிட்ட தொட்டி முந்தைய நாள் மாலையிலிருந்து நிரம்பிக்கொண்டிருந்தது. குழாய் வழியே வந்தது பெட்ரோல். அதிகாலை மூன்று மணி சுமாருக்குத் தொட்டியின் மட்டத்தைக் காட்டும் மட்டமானி ஓரிடத்தில் சிக்கி நின்றுவிட்டது. தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியிருப்பதாகக் கட்டுப்பாட்டு அறையின் திரை காட்டியது. அதற்குப் பிறகு அந்த எண் அசையவில்லை. பெட்ரோல் வந்துகொண்டே இருந்தது.

அந்த மட்டமானியை நம்பியிருந்த எச்சரிக்கை மணிகள் எதுவும் அடிக்கவில்லை. எண் ஏறினால்தானே மணி அடிக்கும்? இப்படி ஒரு நிலை வரக்கூடும் என்று தெரிந்துதான் தொட்டியின் உச்சியில் தனியாக ஒரு சுவிட்ச் வைத்திருந்தார்கள். மட்டமானியோடு அதற்கு எந்தத் தொடர்பும் கிடையாது. எண்ணெய் அபாய உயரத்தைத் தொட்டால் அதுவே அலாரம் கொடுத்து, உள்ளே வரும் வழியை அடைக்க வேண்டும். அதுவும் பேசாமல் இருந்தது. 5.37 மணியளவில் தொட்டியின் கூரை வழியே பெட்ரோல் வழியத் தொடங்கியது. இரண்டரை லட்சம் லிட்டருக்கும் மேல் கொட்டியது. காற்றசைவற்ற குளிர்காலக் காலை. ஆவி மேலே கலையாமல் வெண்மூட்டமாகத் தரையோடு பரவியது. 6.01க்கு வெடித்தது. ரிக்டர் அளவில் 2.4 நிலநடுக்கத்துக்கு இணையான அதிர்வு பதிவாயிற்று. இருபதுக்கும் மேற்பட்ட பெரிய தொட்டிகள் தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தன. விடுமுறை நாளின் விடியல் என்பதால் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஆட்கள் அதிகம் இல்லை. 43 பேர் காயம்பட்டார்கள், உயிரிழப்பு இல்லை. பொருளிழப்பு ஏறக்குறைய 100 கோடி பவுண்ட் என்று கணக்கிட்டார்கள்.

மட்டமானி சிக்கியது ஒரு கருவியின் கோளாறு. கருவிகள் கெடும், அதில் வியப்பில்லை. உச்சியிலிருந்த சுவிட்ச் ஏன் பேசவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய கேள்வி. அந்தச் சுவிட்ச் பழுதாகியிருக்கவில்லை. 2004 ஜூலையில் புதிதாகப் பொருத்தியது. அது வேலை செய்யாமல் போனதற்கான காரணம் ஆலையின் மின்சார, கட்டுப்பாட்டு வேலைகளை எப்படித் திட்டமிட்டு, யார் யாரிடம் எதைச் சொல்லி ஒப்படைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

அதன் அமைப்பு எளிமையானது. தொட்டிக்குள் பெட்ரோலின் மேல் ஒரு மிதக்கும் மூடி உண்டு. சுவிட்சிலிருந்து தொங்கும் எடையை அந்த மூடி கீழிருந்து தூக்கினால் உள்ளே ஒரு காந்தம் நகர்ந்து மின்தொடர்பு மாறும். ஆண்டுக்கணக்கில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு பொருள், தேவைப்படும் அந்த ஒரு நாளில் வேலை செய்யுமா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும் அல்லவா? அதற்காகத் தலைப்பகுதியில் ஒரு சோதனை நெம்புகோல் வைத்திருந்தார்கள். நெம்புகோலை உயர்த்தினால் எடையும் உயரும், தொட்டி நிரம்பிவிட்டதாகச் சுவிட்ச் நினைத்துக்கொள்ளும், அலாரம் வரும். சோதனை முடிந்ததும் நெம்புகோலை நடுநிலையில் நிறுத்தி ஒரு பூட்டைப் போட வேண்டும். இதே சுவிட்சை வேறிடங்களில் மட்டம் குறைவதைக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்தலாம் என்பதால் நெம்புகோலுக்குக் கீழ்நிலை ஒன்றும் இருந்தது. பூட்டு இல்லாவிட்டால் நெம்புகோல் தன் எடையிலேயே அந்தக் கீழ்நிலைக்கு இறங்கிவிடக்கூடும். இறங்கிவிட்டால் தொட்டி நிரம்பினாலும் சுவிட்சுக்குத் தெரியாது.

912ஆம் தொட்டியின் சுவிட்சில் பூட்டு இல்லை. பொருத்தியவர்கள், அந்தப் பூட்டு வெளியாள் யாரும் கைவைக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு என்று நினைத்திருந்தார்கள். வேலி போட்ட கிடங்கு, காவல் உண்டு, தொட்டியின் உச்சிக்கு யார் ஏறி வரப்போகிறார்கள்? அப்படி யோசித்தால் பூட்டை விட்டுவிடுவதில் தப்பே தெரியாது. பூட்டுதான் சுவிட்சை உயிரோடு வைத்திருக்கிறது என்பது தயாரித்தவருக்குத் தெரியும். அந்தச் செய்தி பொருத்தியவருக்குத் தெளிவாகப் போய்ச் சேரவில்லை. பொருத்தியவரும் தோண்டிக் கேட்கவில்லை. பொருத்தியவருக்கே தெரியாதது கிடங்கை நடத்தியவர்களுக்குத் தெரிய வழியில்லை. 2010இல் தயாரித்த நிறுவனம், பொருத்திய நிறுவனம், கிடங்கை நடத்தியவர்கள் உட்பட ஐந்து நிறுவனங்களுக்குத் தண்டனை கிடைத்தது. அபராதமும் வழக்குச் செலவுமாகச் சேர்ந்து ஏறக்குறைய 95 லட்சம் பவுண்ட்.

ஒரு கட்டுப்பாட்டுத் திட்டம் என்று சொன்னால் பெரும்பாலோர் மனத்தில் வருவது பேனல், கேபிள், மோட்டார், திரை ஆகியவைதான். ஒப்பந்தத்திலும் அவைதான் எண்ணிக்கையோடு இருக்கும். அவற்றோடு கூடவே கைமாற வேண்டிய இன்னொன்று உண்டு: இந்தப் பொருள் எதற்காக இங்கே இருக்கிறது, எந்த நிலையில் அது செத்துப்போகும், செத்துப்போனால் எப்படித் தெரியும் என்ற அறிவு. தயாரிப்பவர், பேனல் கட்டுபவர், புரோகிராம் எழுதுபவர், கேபிள் இழுப்பவர், ஆலையை ஓட்டுபவர் என்று ஐந்து கை மாறி அது போக வேண்டும். திட்டத்தை நடத்துபவரின் தலையாய வேலை இந்த அறிவு நடுவழியில் உதிராமல் பார்த்துக்கொள்வதுதான் என்பது என் உறுதியான கருத்து. பொருளைத் துரத்துவதும் தேதியைத் துரத்துவதும் அதற்கு அடுத்தவை.

கட்டுப்பாடு என்பதன் அடிப்படையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவியை இன்று பல வீடுகளில் வைத்திருக்கிறோம். மட்டத்தை உணர ஒன்று, முடிவெடுக்க ஒன்று, மோட்டாரை நிறுத்த ஒன்று என்று அதில் மூன்று பகுதிகள். சுத்திகரிப்பு ஆலையிலும் அதே மூன்றுதான், ஆனால் ஆயிரக்கணக்கில். உணரும் பகுதியை ட்ரான்ஸ்மிட்டர் என்கிறார்கள். முடிவெடுப்பது பெரும்பாலும் பி.எல்.சி. என்ற தொழிற்சாலைக் கணினி. செய்து முடிப்பவை வால்வும் மோட்டாரும்.

பி.எல்.சி. பிறந்த கதையில் திட்ட நிர்வாகத்துக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1960களில் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலைகளில் இயந்திரங்களை ஓட்டியவை மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளான ரிலேக்கள். ஒரு பேனலில் நூற்றுக்கணக்கான ரிலேக்கள், அவற்றை இணைக்கும் கம்பிக் காடு. புது மாடல் கார் வரும்போதெல்லாம் கம்பிகளைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். பல சமயம் பேனலையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். இந்தச் செலவைத் தவிர்க்க ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரமேட்டிக் பிரிவு 1968இல் ஒரு கருவிக்கான தேவையை வெளியிட்டது. டிக் மார்லியும் பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கிக் கொடுத்ததுதான் மோடிகான் 084. அது அந்த நிறுவனத்தின் 84ஆவது வேலை என்பதால் அந்தப் பெயர். எலக்ட்ரீஷியன்கள் ஏற்கனவே படித்துப் பழகிய ரிலே வரைபடத்தின் வடிவத்திலேயே அதற்குப் புரோகிராம் எழுதலாம். ஏணிபோல் இருக்கும் அந்த வரைபட மொழி இன்றும் உலகெங்கும் புழங்குகிறது.

ஒரு மாற்றத்துக்கு ஒரு வாரம் கம்பி கட்டிய காலம் போய், மடிக்கணினியில் ஐந்து நிமிடத்தில் மாற்றும் காலம் வந்தது. பெரிய விடுதலை அது. ஆனால் மாற்றுவது சுலபமானதும், முடிவெடுப்பதைக் கடைசிவரை தள்ளிப்போடும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. ‘அதைப் புரோகிராமில் பார்த்துக்கலாம்’ என்ற வாக்கியத்தை ஒவ்வொரு சைட் கூட்டத்திலும் கேட்கலாம். பம்பை எங்கே வைப்பது, எந்த வால்வுக்கு நிலை காட்டும் சுவிட்ச் வேண்டும், மின்சாரம் போய்த் திரும்பினால் எது முதலில் ஓட வேண்டும் என்பவை காகிதத்தில் முடிவாக வேண்டிய விஷயங்கள். அவை கமிஷனிங் நாளில், அதாவது ஆலையை முதன்முறையாக ஓட்டிச் சோதிக்கும் கட்டத்தில், இரவு பதினொரு மணிக்கு, ஒற்றைப் புரோகிராமரின் தலையில் வந்து விழுகின்றன. அவர் எடுக்கும் முடிவு எந்த டிராயிங்கிலும் ஏறாது.

இதற்கு அட்டவணையும் ஒரு காரணம். ஓர் ஆலை கட்டும்போது முதலில் மண் வேலை, அடித்தளம், கட்டடம். பிறகு இயந்திரங்கள், குழாய்கள். அதன்பின் மின்சாரம். எல்லாம் முடிந்தபிறகு கருவிகளும் கட்டுப்பாடும். முன்னால் வந்தவர்கள் தாமதித்த ஒவ்வொரு வாரமும் கடைசியில் நிற்பவரின் நாட்களிலிருந்து கழிகிறது. திறப்பு விழா தேதி மட்டும் நகர்வதில்லை. நாலு மாதம் என்று எழுதியிருந்த கமிஷனிங் ஐந்து வாரமாகச் சுருங்குகிறது. அந்த ஐந்து வாரத்தில்தான் ஆலை முதன்முறையாக ஒரே அமைப்பாகச் சேர்ந்து ஓடப்போகிறது.

இந்த நெருக்கடி என்ன செய்யும் என்பதற்கு டென்வர் விமான நிலையம் நல்ல சான்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிரம்மாண்டமான புது நிலையம் கட்டினார்கள். திறப்பு 1993 அக்டோபரில் என்று திட்டம். பயணிகளின் பெட்டிகளைத் தண்டவாளத்தில் ஓடும் ஆயிரக்கணக்கான தானியங்கி வண்டிகள் சுமந்து போக வேண்டும். நிலையம் முழுமைக்குமான அந்த ஏற்பாட்டுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 1992இல், கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தபோது. மதிப்பு 19 கோடி டாலருக்கும் மேல். இதைவிட எளிமையான அமைப்பை வைத்திருந்த ஜெர்மனியின் மியூனிக் நிலையத்தார், திறப்பதற்கு முன் நெடுங்காலம் சோதித்ததாகவும், கடைசி ஆறு மாதம் இரவும் பகலும் ஓட்டிப் பார்த்ததாகவும் டென்வர்காரர்களிடம் சொன்னார்கள். டென்வரில் அதற்கு இடமில்லை.

தடை எங்கெல்லாம் வந்தது என்பதைப் பார்த்தால் இந்தத் துறையின் முழு உருவமும் தெரியும். பட்டைக்குறி அச்சு தெளிவில்லாததால் சீட்டைப் படிக்கும் கருவி பெட்டியை அடையாளம் காணவில்லை. ஒளி உணரிகள் அழுக்கடைந்தோ இடம் பிசகியோ வண்டி இல்லாத இடத்தில் இருப்பதாகவும், இருக்கும் இடத்தில் இல்லையென்றும் சொல்லின. மின்வழங்கலில் ஏற்ற இறக்கம் இருந்ததால் அமைப்பு அவ்வப்போது நின்றது. அதைச் சரிசெய்யும் வடிகட்டிகள் வந்து பொருத்தப்படுவதற்கே மாதங்கள் ஆயின. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வாசலில் பெட்டிகள் குவியும்போது அங்கே காலி வண்டிகளை யார் அனுப்புவது, எங்கிருந்து எடுப்பது என்ற கணக்கு சிக்கலாக இருந்தது. தனித்தனியே எல்லா வண்டிகளும் ஓடின. சேர்ந்து ஓடும்போது வரிசை நெரிந்தது. 1994 வசந்தத்தில் செய்தியாளர்களை அழைத்து ஓட்டிக் காட்டியபோது பெட்டிகள் தூக்கி எறியப்பட்டுக் கிழிந்து துணிமணிகள் சிதறின. பதினாறு மாதத் தாமதத்துக்குப் பின் 1995 பிப்ரவரி 28 அன்று நிலையம் திறந்தபோது, பெரும்பகுதிப் பெட்டிகளை இழுவை வண்டிகளும் கன்வேயர்களும்தான் சுமந்தன. தானியங்கி அமைப்பின் ஒரு துண்டை மட்டும் யுனைடெட் விமான நிறுவனம் சில காலம் வைத்திருந்து, 2005இல் அதையும் கைவிட்டது.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் சின்னக் கோளாறுகள். அச்சு, அழுக்கு, மின்னழுத்தம், வரிசைக் கணக்கு. இவற்றில் பலவற்றை ஆற அமரச் சோதித்திருந்தால் பிடித்திருக்கலாம். அதற்குத்தான் இந்தத் துறையில் சோதனைக்கென்று ஒரு படிவரிசையே இருக்கிறது. பேனல் தயாரிப்பவரின் பட்டறையிலேயே வாடிக்கையாளர் போய் உட்கார்ந்து, உணரிகளுக்குப் பதில் செயற்கையான சமிக்ஞைகளைக் கொடுத்து, புரோகிராம் சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பது முதல் படி. எஃப்.ஏ.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். பட்டறையில் அரை மணியில் திருத்தும் பிழை சைட்டில் ஒரு நாளைத் தின்னும் என்பதால் இதில் காட்டும் பொறுமை வீணாவதே இல்லை. ‘சரியாக ஓடுகிறதா’ என்று மட்டும் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பும் எஃப்.ஏ.டி.க்களால் பயனில்லை. கம்பியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். இரண்டு மணிகளை ஒன்றாக அடிக்க வைக்க வேண்டும். ஓட்டத்தின் நடுவில் மின்சாரத்தை நிறுத்தித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அடுத்து சைட்டில் லூப் செக். களத்தில் ட்ரான்ஸ்மிட்டர் பக்கத்தில் ஒருவர், திரைமுன் ஒருவர், இருவர் கையிலும் வாக்கி டாக்கி. ஒவ்வொரு கம்பியாக, ஒவ்வொரு சமிக்ஞையாக. ஆயிரம் லூப் இருந்தால் ஆயிரம் முறை. சலிப்பான வேலைதான், ஆனால் ஆலையின் நரம்புகளைத் தொட்டுப் பார்ப்பது இதில் மட்டும்தான்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான ட்ரான்ஸ்மிட்டர்கள் அளவை மின்னோட்டமாக அனுப்புகின்றன. தொட்டி காலியென்றால் 4 மில்லி ஆம்பியர், நிறைந்தால் 20. ஏன் பூச்சியத்தில் தொடங்காமல் நாலில் தொடங்குகிறது? கம்பி அறுந்தால் மின்னோட்டம் பூச்சியமாகும். காலித் தொட்டிக்கும் பூச்சியம்தான் என்று வைத்திருந்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. நாலில் தொடங்குவதால், அதற்கும் கீழே விழுந்த உடனே பி.எல்.சி. ‘கம்பி போய்விட்டது’ என்று சொல்லிவிடும். அவசர நிறுத்தப் பொத்தான்களிலும் இதே சிந்தனை: இயல்பு நிலையில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், அது நின்றால் இயந்திரம் நிற்கும். எலி கம்பியைக் கடித்தாலும் விளைவு பாதுகாப்பான பக்கமே. கெடும்போதும் நல்ல பக்கமாகக் கெடும்படி அமைப்பது இந்தப் பொறியியலின் மிக அழகான எண்ணம் என்று நினைக்கிறேன்.

அந்த எண்ணத்துக்கும் எல்லை உண்டு. அறுந்த கம்பி தன்னைக் காட்டிக்கொடுக்கும். சிக்கி நிற்கும் மட்டமானி காட்டிக்கொடுக்காது; பார்ப்பதற்கு நியாயமான ஓர் எண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கும். பன்ஸ்ஃபீல்டின் அந்த மட்டமானி 2005 ஆகஸ்ட் கடைசிக்கும் டிசம்பருக்கும் இடையில் 14 முறை சிக்கியிருந்தது. சில முறை மேற்பார்வையாளர்களே அதை உச்சிக்கு இழுத்து இறக்கிச் சரிசெய்தார்கள். சில முறை ஒப்பந்த நிறுவனத்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். மூலக்காரணம் பிடிபடவில்லை, எல்லா முறையும் பதிவாகவும் இல்லை. குழாயில் எண்ணெய் வந்துகொண்டிருக்கும்போது மட்டம் பத்து நிமிடமாக அசையவில்லையென்றால் மணி அடி என்று சொல்ல இரண்டு வரிப் புரோகிராம் போதும். இப்படிப்பட்ட வரிகள் எழுதப்படுவது, ஆலையை ஓட்டப்போகிறவரை வடிவமைப்புக் கூட்டத்தில் உட்கார வைத்து ‘எது எப்படி ஏமாற்றும்?’ என்று கேட்டால்தான்.

திரையே பொய் சொன்ன நிகழ்வும் உண்டு. 1994 ஜூலை 24, வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்ட் ஹேவனில் இருந்த டெக்சகோ சுத்திகரிப்பு ஆலை. காலையில் மின்னல் தாக்கிக் குழப்பம் தொடங்கியது. ஒரு வால்வு திறந்திருப்பதாகத் திரை காட்டியது. உண்மையில் அது மூடியே கிடந்தது. பல கட்டுப்பாட்டு அமைப்புகள் திரையில் காட்டுவது வால்வுக்குக் கொடுத்த ஆணையை. வால்வு கீழ்ப்படிந்ததா என்று அறியத் தனி உணரி வேண்டும், தனிக் கேபிள் வேண்டும், தனிச் செலவு வேண்டும். திட்டத்தில் காசு குறையும்போது முதலில் வெட்டுப்படுவது இதுபோன்றவைதான். அன்றைய வெடிப்புக்கு முந்தைய பதினொரு நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்களின் முன் 275 அலாரங்கள் வந்து குவிந்தன. இரண்டரை நொடிக்கு ஒன்று. படித்து முடிக்கவே நேரம் இல்லாத நிலையில் யார் எதைப் புரிந்துகொள்ள முடியும்? 26 பேர் காயம்பட்டார்கள். அலாரம் வைப்பது புரோகிராமில் ஒரு சொடுக்கு என்பதால், பொறுப்பைத் தட்டிக்கழிக்க எல்லாவற்றுக்கும் அலாரம் வைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆபரேட்டர் ஏதாவது செய்தாக வேண்டிய நிலைக்கு மட்டுமே அலாரம் என்ற விதி, இந்த விபத்துக்குப் பின் வந்த வழிகாட்டி நூல்களில் உறுதியாக இடம்பெற்றது.

சோதனையை எவ்வளவு அடிக்கடி செய்ய வேண்டும் என்பதற்கு இனி ஒரு சிறு கணக்கு. பாதுகாப்புச் சுவிட்ச் ஒன்று யாருக்கும் தெரியாமல் கெடுவது சராசரியாக 50 ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் சோதித்தால், கெட்டது தெரியாமல் கிடக்கும் காலம் சராசரியாக அரை ஆண்டு. ஆகவே தேவைப்படும் நேரத்தில் அது வேலை செய்யாமல் இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. சோதனையை ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று ஒத்திப்போட்டால் அதே வாய்ப்பு இருபதில் ஒன்றாகிறது. சுவிட்ச் அதேதான், விலையும் அதேதான். பாதுகாப்பு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பாதுகாப்பு அமைப்புகளைத் தரப்படுத்தும் பன்னாட்டு விதிமுறைகள் இந்த வகைக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் சோதித்தவர் சுவிட்சைத் தவறான நிலையில் விட்டுவிட்டு இறங்கினால் அந்த வாய்ப்பு நூற்றில் நூறு. சூத்திரம் அதைக் காட்டாது. சோதனை முறையை எழுதும்போது கடைசி வரியாக, கருவியை எந்த நிலையில் விட வேண்டும் என்பதையும், அதை இரண்டாவது ஆள் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதையும் சேர்த்தாக வேண்டும்.

இதெல்லாம் எங்கோ நடந்தவை என்று நாம் ஒதுக்க முடியாது. 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் அருகே சீதாபுராவில் இந்தியன் ஆயில் கிடங்கில் பெட்ரோல் கசிந்து, ஒரு மணி நேரத்துக்கும் மேல் பரவி, வெடித்தது. தீ பதினொரு நாள் எரிந்தது, உயிர்கள் போயின. தொடக்கக் காரணம் பன்ஸ்ஃபீல்டைப் போன்றதல்ல. களத்தில் வால்வுகளைக் கையாண்டபோது நேர்ந்த பிசகு. ஆனால் கசிவு தொடங்கிய பிறகு, கட்டுப்பாட்டு அறையிலிருந்தே தொட்டியின் வால்வை மூடும் வசதி வேலை செய்யும் நிலையில் இல்லை. ஆவி சூழ்ந்த களத்துக்குள் மனிதர் யாரும் போக முடியாத நேரத்தில் பயன்படுவதற்கென்றே வைக்கும் வசதி அது. எம்.பி. லால் தலைமையிலான குழு தன் அறிக்கையில் கிடங்குகளைத் தானியங்கி ஆக்குவதைப் பற்றியும், தொலைவிலிருந்து மூடும் வால்வுகளைப் பற்றியும் விரிவாகப் பரிந்துரைத்தது.

ஒப்படைப்பு நாளைப் பற்றி ஒரு சொல். பஞ்ச் லிஸ்ட் என்ற பாக்கி வேலைப் பட்டியலில் நூறு வேலை இருக்கும். அதில் பெயின்ட் அடிப்பதும் இருக்கும், ஆபத்தான நிலையில் இயந்திரத்தை ஓடவிடாமல் தடுக்கும் ஓர் இன்டர்லாக்கைத் தற்காலிகமாக பைபாஸ் செய்து வைத்ததை எடுப்பதும் இருக்கும். இரண்டும் ஒரே எழுத்தில், ஒரே பட்டியலில். பெயின்ட் வேலை கண்ணில் படுவதால் முடிந்துவிடும். பைபாஸ் கம்பி டெர்மினலுக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். போட்ட ஆள் வேறு ஊருக்குப் போயிருப்பார், டிராயிங்கில் அது இருக்காது. பைபாஸ்களுக்குத் தனிப் பதிவேடு வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரும் எடுக்க வேண்டிய தேதியும் எழுதாமல் எந்த ஆலையையும் ஓட்டத் தொடங்கக் கூடாது.

ஆலை கட்டும் முதலாளிகளுக்கும் திட்ட மேலாளர்களுக்கும் வேண்டுகோள் இது. ஒப்பந்தத்தின் கடைசித் தவணையைப் பேனலும் கேபிளும் வந்து சேர்ந்ததற்காகக் கொடுத்துவிடாதீர்கள். களத்தில் உள்ளபடி திருத்திய டிராயிங், கையெழுத்திட்ட லூப் செக் தாள்கள், புரோகிராமின் பிரதி, ஒவ்வொரு பாதுகாப்புக் கருவிக்குமான சோதனை முறை, ஷிஃப்டில் நிற்கப்போகும் ஆபரேட்டர்களே செய்து காட்டிய பயிற்சி ஆகியவற்றோடு அதைக் கட்டிவையுங்கள். கமிஷனிங்குக்கென்று ஒதுக்கிய நாட்களை, முன்னால் தாமதித்த எந்த வேலைக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். தேதி நகர வேண்டுமென்றால் திறப்பு விழா நகரட்டும்.